கலக்க விதைத்த சோளம்

தம்பி செத்த பிறகு, உறவுக்காரர்கள் முன்னால் அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். இந்தப் போகம் தம்பி மனைவி விதைக்கும் தீவனச் சோளத்தை மாட்டுப்பண்ணை வாங்கிக்கொண்டால், தம்பியின் வயலும் வயல் வீடும் அவளுக்கே. வாங்காவிட்டால் இரண்டும் தம்மோடு சேரும்.

அவளுக்கு அதுவரை தையல் மெஷின்தான் தெரியும்.

"எப்படித் தூவறது மாமா?"

"கலக்கத் தூவும்மா, எடைவெளி விட்டு. நெருக்கினா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

பாதி விதை மிஞ்சியது. "வீணாப் போகும், குடு" என்று வாங்கிக்கொண்டவர், அவள் தலை மறைந்ததும் தம் வயலில் நெருக்கித் தூவினார்.

"அவளுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?" என்றாள் அவர் மனைவி.

"உன் மகனுக்கு அந்த வயல் வேணுமா, வேணாமா?"

"அக்கா, என் சோளம் மூங்கிலாட்டம் நிக்குது, வந்து பாரேன்!" என்று தம்பி மனைவி ஓடி வந்தபோது, அண்ணன் மனைவி "நல்லதுடி" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பண்ணை மேனேஜர் வந்தார். அண்ணன் வயலில் ஒரு தண்டைப் பிடுங்கி விரலில் சுற்றினார், நூல்போலச் சுற்றியது. அவள் வயலில் பேனாவால் தட்டினார். டொக்கென்றது.

"இது மாட்டுக்கா, வேலிக்காம்மா? எலையைத் தின்னுட்டுத் தண்டைத் துப்பிடும். என் மாட்டுக்கெல்லாம் இரும்புப் பல்லு கட்டணும்."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

"மாமா, நீங்கதானே கலக்கத் தூவச் சொன்னீங்க?"

"கதிருக்குன்னு நெனச்சேன்மா. தீவனத்துக்கு யாராவது கலக்கத் தூவுவாங்களா?"

"பண்ணை வாங்கணும்னு கண்டிஷன் போட்டதே நீங்கதானே!"

"வயசாச்சு இல்லையா? மறந்திருப்பேன்."

மறுநாளே அவள் பெட்டியும் மெஷினும் அவர் வீட்டுக்கு வந்தன. பின்னறையில் ஏற்கெனவே அவர் மாமியாரும் இரண்டு பெண்களும் கால் நீட்ட இடமில்லாமல் கிடந்தார்கள்.

"இங்க எங்க மாமா படுக்கறது?"

"நெருக்கிப் படும்மா."

"நெருக்கினா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்னீங்களே?"

மெஷினை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தவர் நின்று சிரித்தார்.

"தின்னட்டும். அப்பத்தான் தண்டு மெலியும். மெலிஞ்சாத்தானே மெல்ல முடியும்?"