விளிம்பு வரை தண்ணீர்

லினெட் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள். வில்ஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையிலிருந்து இது நாலாவது தடவை. தண்ணி தண்ணி என்று அனத்துகிறார், கொடுத்தால் வேண்டாம் என்கிறார்.

"தண்ணிதானேப்பா கேட்டீங்க?"

"எனக்கில்ல." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பீப்பாய்க்கு."

மார்ஃபின் பேசுகிறது என்று நினைத்தாள். கடைசி நாட்களில் எதையாவது சொல்லுவார்கள், ரயிலுக்கு நேரமாச்சு என்பார்கள், மறுத்துப் பேசாதீர்கள் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். ஊத்திடறேன்ப்பா, நீங்க தூங்குங்க என்றாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரமாகக் கரண்டி பிடிக்கத் தெம்பில்லாத கை. அந்தப் பிடி வலித்தது.

பின்னறையில்தான் கட்டில் போட்டிருந்தது. அவர் கேட்டபடி ஜன்னலைப் பார்த்து. ஜன்னலுக்கு வெளியே தோட்டம், தோட்டத்து மூலையில் மழைநீர்ப் பீப்பாய், சுவருக்கு அந்தப்பக்கம் புல்வெளி, அதையும் தாண்டினால் டிரென்ட் ஆறு. ஆகஸ்டு வெயிலில் நாடே காய்ந்து கிடந்தது. புல்தரை ரொட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. பீப்பாயைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் பச்சைப்பசேல் என்று இருந்தது. அப்பா எதையோ ஆசையாக வளர்க்கிறார் போலிருக்கிறது என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சமையலறையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. நோரிஸாகத்தான் இருக்கும். அப்பாவின் சிநேகிதர், மண்ணுக்குள் பழங்காசு தேடும் மெட்டல் டிடெக்டர் கூட்டாளி. அப்பா படுத்ததிலிருந்து தினமும் சாயங்காலம் வந்து, செடிக்குத் தண்ணி விடறேன் என்று தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் உள்ளே வருவார். அப்பாவுக்கு அமைதி வேண்டும், இனி யாரும் வராதீர்கள் என்று அவள்தான் முந்தாநாள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பதினோரு தடவை கூப்பிட்டுவிட்டார் மனுஷர்.

போன் நின்றது. இரண்டு நிமிஷத்தில் பின்கதவைத் தட்டும் சத்தம். நோரிஸ் தொப்பியோடு, மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்க்கவேயில்லை. பீப்பாயைத்தான் பார்த்தார்.

"லின், நேத்து அதுல தண்ணி ஊத்தினியா?"

பீப்பாய்க்கு என்று அப்பா சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

லினெட் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஜாதி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம், ஒரு பிள்ளைக்குக்கூடக் கை சுட்டதில்லை என்பதுதான் அவள் வாழ்க்கையின் பெருமை. அவளை உட்காரவைத்து நோரிஸ் சொன்ன விஷயம் இதுதான்.

ஆற்று வளைவில் ரோமானியர் காலத்துத் துறை ஒன்று இருக்கிறது. பாலம் வருவதற்கு முன்னால் ஆழம் குறைந்த அந்த இடத்தில்தான் ஜனங்கள் இறங்கி நடந்திருக்கிறார்கள். இறங்குவதற்கு முன் நல்லபடியாகக் கரை சேரவேண்டும் என்று ஒரு காசை ஆற்றில் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் பயந்தவங்க போட்ட காசு கண்ணு, நம்ம ஜாதி, என்று அப்பா அவளைச் சீண்டுவார். அப்பா, நோரிஸ், இன்னொரு கூட்டாளி காலின் மூன்று பேருக்கும் துறையை ஒட்டிய வயலில் தேடுவதற்கு இருபத்திரண்டு வருஷமாக அனுமதி. விவசாயி வேறு யாரையும் வேலிக்கு உள்ளே விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மழையோ வெயிலோ அங்கேதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கரை ஓரத்துச் சேற்றில் மெஷின் கத்தியிருக்கிறது. தோண்டினால் மரப்பெட்டி. உள்ளே இருபத்துநாலு பாட்டில், சோடா மூடி போட்டது. பழைய பீர் பாட்டில், கண்காட்சியில் வைக்கலாம் என்று அப்பா காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் காலின்தான். உள்ளே மஞ்சளாக ஏதோ, அதில் ஒரு ரப்பர் துண்டு.

"யுத்தத்துல ஊர்க்காவல் படைக்குக் கொடுத்தது," என்றார் நோரிஸ். "அந்தத் துறை வழியா ஜெர்மன்காரன் டாங்கி வந்தா எறியறதுக்கு. பாஸ்பரஸ். காத்துப் பட்டா தானே பத்திக்கும். தண்ணிக்குள்ள இருந்தா ஒண்ணும் பண்ணாது. அதான் பீப்பாயில போட்டோம்."

"போலீசுக்குச் சொல்லலையா?"

நோரிஸ் தொப்பியைக் கையில் உருட்டினார். சொன்னால் வயலை மூடிவிடுவார்கள், விவசாயி மூன்று பேரையும் துரத்திவிடுவார் என்று பயந்திருக்கிறார்கள். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போட்டு, காலின் மகள் வீட்டோடு இருக்க யார்க்ஷயருக்குக் குடிபோய்விட்டார், அப்பா படுத்துவிட்டார். பீப்பாயோ இந்த வெயிலில் விரிசல் விட்டுவிட்டது.

அவளுக்கு அந்த ஆளைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. அப்பாவையும் சேர்த்து.

இருவரும் போய்ப் பார்த்தார்கள். மூடியைத் தூக்கினால் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. துருப்பிடித்த சோடா மூடிகள் நாலைந்து தண்ணீர் மட்டத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தன. நோரிஸ் உள்ளே போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்தார். அவர் தூக்கும்போது வாளி பீப்பாயின் விளிம்பில் இடித்தது. லினெட் அதைப் பிடுங்கிக்கொண்டாள். ஓஸ் குழாய் போன வருஷமே வெடித்துப்போனது. இருந்திருந்தாலும் அந்த வேகத்தில் பாட்டில் ஒன்றோடொன்று மோதும். உள்ளங்கையைச் சரிவாக வைத்து, அதன் மேல் விட்டு, தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கும்படி ஊற்றினாள். மூன்று வாளி ஊற்றியதும் மூடிகள் மறைந்தன.

உள்ளே வந்து போனை எடுத்தாள். போலீசைக் கூப்பிட ஒன்பதை இரண்டு தடவை அழுத்தினாள். மூன்றாவது ஒன்பதுக்கு விரல் போகவில்லை.

"வந்தா தெருவையே காலி பண்ணுவாங்க," என்றார் நோரிஸ் மெதுவாக. "வில்ஃபையும்தான்."

ஜூன் மாசம் ஸ்கேனுக்கு ஆம்புலன்சில் ஏற்றும்போது அப்பா போட்ட சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. முதுகெலும்பு முழுக்கப் புற்று பரவியிருந்தது. அன்று ராத்திரியே அவள் கையைப் பிடித்து, இனி என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதே, இந்த ஜன்னலிலிருந்து என்னை நகர்த்தாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் கொடுத்துவிட்டாள். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"ஆத்துல திருப்பிப் போட்டுடலாமா? நான் கொண்டுபோறேன்," என்றார் நோரிஸ்.

"அங்க பிள்ளைங்க குளிக்குது அங்கிள்."

நோரிஸ் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

வீடு சந்தின் கடைசி. பக்கத்தில் ஒரே வீடு, அதில் ஜெம்மாவும் புருஷனும் ரெண்டு பொடிசுகளும். வேலிக்கு இந்தப்பக்கம் பந்து விழாத நாள் கிடையாது. லினெட் போய் வாசலில் நின்று பொய் சொன்னாள். அப்பாவுக்கு இன்னிக்குத் தாண்டாது, சின்னச் சத்தம்கூட ஆகலை, பிள்ளைகளை ஒரு ராத்திரிக்கு எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகமுடியுமா என்று. ஜெம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுக்குப்போய்த் தயங்குவாங்களா, எங்கம்மா வீட்டுக்குப் போயிடறோம் என்று அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பில் லினெட்டுக்குக் கூசியது.

பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தாள். ஊசிமருந்தை மாற்றிவிட்டு, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடலாம், பக்கத்திலேயே இருங்கள் என்றாள். டாக்டரோடு பேசப் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். பேச்சு சுவாரசியத்தில் நடந்து போய் பீப்பாயின் மூடிமேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டாள். பருத்த உடம்பு. பீப்பாய் ஒரு பக்கமாக அசைந்ததை ஜன்னல் வழியாக லினெட் பார்த்தாள். ஸ்பாஞ்சைப் போட்டுவிட்டுப் பின்கதவுக்கு ஓடினாள்.

"டீ போட்டுட்டேன்," என்று கூப்பிட்டாள். "ஆறிடும், வாங்க."

நர்ஸ் டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள். அவள் கார் சந்து திரும்பும்வரை லினெட் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒரு வாளி. விரிசல் அவள் கண்ணெதிரிலேயே பெரிதாவது போலத் தோன்றும். ஊற்றிவிட்டு வந்து அப்பாவின் உதட்டை ஸ்பாஞ்சால் நனைப்பாள். மூச்சைக் கவனிப்பாள். மணியைப் பார்ப்பாள். மறுபடி வாளி. இவர் போகும் முன்னால் அது பற்றிக்கொண்டால் என்று ஒரு பயம். சீக்கிரம் போய்விட்டால் தேவலையே என்று நினைத்துவிடுவோமோ என்று இன்னொரு பயம். ஒரு தடவை அப்படி நினைத்தும்விட்டாள். உடனே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

நோரிஸை வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவர் போகவில்லை. கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு சிநேகிதனிடம் பேசிக்கொண்டேயிருந்தார்.

"டேய் வில்ஃப், அந்தத் துறையில நீ எடுத்த முதல் சாமான் ஞாபகம் இருக்கா? டிராக்டர் போல்ட்டு. ரோமாபுரி ஆணின்னு ஆறு மாசம் பஞ்சுல பொதிஞ்சு வச்சிருந்தியே, மடையா."

அப்பாவின் வாயோரம் லேசாக இழுத்தது. சிரித்தார் என்றே லினெட் எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கண்ணைத் திறந்தார். பார்வை தெளிவாக இருந்தது. அவளை, நோரிஸை, ஜன்னலை ஒருமுறை பார்த்தார். நோரிஸ் உட்கார்ந்திருக்கிறார் என்றால் மகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும்.

"திட்டு," என்றார்.

"அப்புறம் திட்டறேன்ப்பா."

"எவ்வளவு இருக்கு?"

அவள் நாலு விரலைக் காட்டினாள். விளிம்புக்கு இன்னும் நாலு விரல் குறை.

"இன்னும் ஒரு வாளி ஊத்து கண்ணு. நான் பாத்துட்டே இருக்கேன்."

இப்பத்தானே ஊற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு போனாள். குழாயில் தண்ணீர் மெலிசாக வந்தது. நிரம்பும்வரை காத்திருந்து, தளும்பாமல் நடந்து, மூடியை எடுத்துக் கீழே வைத்து, உள்ளங்கையைச் சரித்து ஊற்றினாள். அவர் பார்க்கிறார் என்பதால் கூடுதல் நிதானமாக ஊற்றினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீர் விளிம்பு வரை வந்து நின்றது. நிமிர்ந்து, போதுமா என்று கேட்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

நோரிஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார்.

லினெட் வாளியைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள். பீப்பாயின் மூடியை எடுத்துப் போட்டாள். அப்புறம்தான் உள்ளே போனாள். அப்பாவின் கண் ஜன்னல் பக்கமே இருந்தது. அவளே மூடிவிட்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. முதுகுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

நர்ஸ் மறுபடி வந்து, இறந்ததை உறுதிசெய்து எழுதிக் கொடுத்தாள். ஆறு மணிக்குச் சவ அடக்கக் கம்பெனியின் கறுப்புக் கோட்டு ஆட்கள் வந்து அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் இன்னும் மூன்று வாளி. அவர்களுடைய வண்டி பெரிய ரோட்டில் ஏறிவிட்டது என்று நிச்சயமானதும் லினெட் போனை எடுத்து மூன்று ஒன்பதையும் அழுத்தினாள்.

போலீஸ் வந்தது. சந்தை மறித்து நாடா கட்டினார்கள். அரை வெளிச்சம் இருக்கும்போதே ராணுவ வண்டி வந்தது. சார்ஜெண்ட் ஒரு சின்னப் பெண், முப்பது இருக்காது. இது இங்கே இருப்பது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். காலையில் என்றாள் லினெட். சார்ஜெண்ட் சமையலறைக் கதவிலிருந்து பீப்பாய் வரை காய்ந்த புல்லில் கிடந்த ஈரத்தடத்தைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். எழுதிக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்," என்றார் நோரிஸ். "என் பேரை எழுதிக்கோங்க. அந்த வயலையும் காட்டறேன்."

நாடாவுக்கு இந்தப்பக்கம் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். கடைசியில் மணல் நிரப்பிய பெட்டி ஒன்றை நாலு பேர் முட்டைக்கூடை போலத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். வண்டி நகர்ந்ததும் நாடாவை அவிழ்த்தார்கள். சார்ஜெண்ட் கையுறையைக் கழற்றிக்கொண்டே தோட்டத்து வாசலுக்கு வந்தாள். தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, ஒரு மூடிகூடக் கசியவில்லை, இத்தனை நாள் முழுகியே இருந்ததால்தான் பிழைத்தீர்கள் என்றாள். யார் தண்ணி ஊத்தினது என்று கேட்டாள்.

"எங்கப்பா," என்றாள் லினெட்.

சார்ஜெண்ட் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய், இன்னொரு ஆளோடு சேர்ந்து பீப்பாயை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். லினெட் தன்னையறியாமல் வாளியை எடுத்துக்கொண்டு ரெண்டடி முன்னால் போய்விட்டாள். நோரிஸ் அவள் தோளைத் தொட்டார்.

தண்ணீர் மொத்தமாகக் கவிழ்ந்து, பச்சை வட்டத்தைத் தாண்டி, காய்ந்த புல்லில் நிற்காமல், ஜன்னலுக்குக் கீழே இருந்த கல் பாதையில் ஏறி, வாசலை நோக்கி வந்தது. அவள் செருப்பை நனைத்தது. பகல் முழுக்க வெயிலில் கிடந்த தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. லினெட் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.