பதினாறில் ஒன்று

தப்பு இல்லை என்று சொன்னால், அப்புறம் என்ன என்று சார் கேட்பார். என்னவென்று சொல்வது? வகுப்பில் பாதிப் பேர் மேசையைச் சுற்றி நிற்கும்போது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? தப்புதான் என்று ஒத்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

வெனிங் தலை நிமிராமல் தன் டிரேசிங் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாயத் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு தாளில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார். அவருடைய விரல், வரிசை வரிசையாக வரைந்திருந்த ஜாலிக் கற்களுக்கு நடுவே ஒரு கறுப்புச் சதுரத்தின் மேல் நின்றது.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. ஆனா இது என்ன? மை கொட்டிடுச்சா?"

"ஒரு இடத்துலயா சார் கொட்டியிருக்கு?" என்றாள் பக்கத்து மேசை அஸ்ரி. "பதினாறு கல்லுக்கு ஒருதரம் கணக்கா கொட்டுது பாருங்க. ம்பாண்டுங்கோட மையும் அவள மாதிரியே ஒழுங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். வெனிங் பாண்டுங்குக்குப் படிக்க வந்த முதல் நாள், எந்த ஊரில் படிக்க ஆசைப்பட்டாய் என்று கேட்டபோது, தன் ஊர் வழக்கப்படி முன்னால் ஒரு 'ம்' சேர்த்து 'ம்பாண்டுங்' என்று சொல்லிவிட்டாள். மத்திய ஜாவாக்காரர்களின் நாக்கு அப்படித்தான்; பாண்டுங்காரர்களுக்கு அது வேடிக்கை. அன்றிலிருந்து அதுவே அவள் பெயராகிவிட்டது. அஸ்ரி அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்பது வெனிங்குக்குத் தெரியும். எட்டு மாதத்தில் அவளை ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அஸ்ரி ஒருத்திதான். அதனாலேயே வெனிங்கும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

உள்ளலங்காரப் படிப்பின் முதல் வருடம் முழுக்கக் கைவேலைதான். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. நீ அதிக நாள் தூங்கிய அறையை ஞாபகத்திலிருந்து அளவோடு வரை, அதற்குள்ளிருந்து ஒரு டிசைனை எடு, அது சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று சொல்லியிருந்தார் யாயத் சார். அஸ்ரி தன் அறையின் பிரம்பு நாற்காலிப் பின்னலை எடுத்தாள். இன்னொருத்தன் தரை ஓடுகளை, இன்னொருத்தி கொசுவலையின் மடிப்பை. வெனிங் முதல் மூன்று வாரம் கட்டில், மேசை, ஆணியில் தொங்கும் பை என்று பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். எந்த ஸ்கெட்சிலும் அறை அறையாக வரவில்லை. நாலாவது வாரம் அந்தச் சுவரை வரைந்தாள். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை.

அது அவளுக்குப் பதினொரு வயதில் வந்த சுவர். சொந்த ஊரான தெமாங்குங்கில் அவர்கள் வீட்டின் நட்டநடுவில் அப்பா ஆள் வைத்துக் கட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அவர் கட்டிக்கொண்டு வந்தவளும், இந்தப் பக்கம் அம்மாவும் வெனிங்கும். இந்தப் பக்கத்துக்குச் சன்னல் கிடையாது. காற்றுக்கு என்று சுவரின் உச்சியில் துளை விட்ட சிமென்ட் ஜாலிக் கற்கள் இரண்டு வரிசை வைத்துத் தந்தார் அப்பா. வரிசைக்கு எட்டு. ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் நாலு இதழ். காற்று வந்தது. கூடவே தட்டு வைக்கும் ஓசையும், பிறகு ஒரு கைக்குழந்தையின் அழுகையும், அதைக் கொஞ்ச அப்பா போட்ட விதவிதமான குரல்களும் வந்தன. அப்பாவுக்கு அப்படியெல்லாம் குரல் வரும் என்று அதுவரை வெனிங்குக்குத் தெரியாது. மத்தியானத்தில் அம்மா சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருப்பாள். தூங்கமாட்டாள். மூச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு நாள் அம்மா வெளியே போயிருந்தபோது வெனிங் மேசை மேல் நாற்காலியைப் போட்டு ஏறினாள். கீழ் வரிசையில் ஐந்தாவது கல்லில் தன் பழைய பள்ளிப் பாவாடையைத் திணித்தாள். மேசை நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டியது அந்தக் கல் ஒன்றுதான். பதினைந்து திறந்திருக்க ஒன்றை அடைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. சத்தம் அப்படியே வந்தது. அம்மா திரும்பி வந்து நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் அம்மாவின் தலையணை இடம் மாறி, ஐந்தாவது கல்லுக்கு நேர் கீழே இருந்தது.

போன வாரம் தொலைபேசியில் அம்மா கேட்டாள். இஸ்திரிப் பெட்டியை வைக்கிற ஓசை பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னடி வரைஞ்ச?"

"நம்ம ரூமம்மா."

"அதையா? ஏன், வேற நல்ல வீடே நீ பாத்ததில்லையா?"

"ரூம்னா... சுவருதாம்மா."

"மேல வரைக்குமா?"

"மேல வரைக்கும்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "சரி, சாப்டியா?" என்றாள் அம்மா.

யாயத் சார் நிமிர்ந்தார். "இங்க பாரும்மா வெனிங். வருஷக் கடைசி கண்காட்சிக்கு முன் ஹால்ல ஒரு தடுப்பு நிக்கணும். ஆளுயரம், பிளைவுட்ல மிஷின் வெச்சு வெட்டி. முதல் வருஷத்துலேர்ந்து ஒரே ஒரு டிசைன்தான். நான் உன்னோடத அனுப்பலாம்னு இருக்கேன்."

யாரோ விசிலடித்தார்கள். "யம்மா, ஊமக்கோட்டான் மாதிரி இருந்துகிட்டு!" என்று அஸ்ரி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். முதுகில் அந்தக் கை பட்ட இடம் சூடாக இருந்தது. இந்த ஊரில் யாராவது தன்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று வெனிங் எண்ணிப் பார்த்தாள்.

"ஆனா இந்த அடைப்பு வேண்டாம். பாக்கறவங்க மிஷின் வெட்ட மறந்துடுச்சுன்னு நெனப்பாங்க. மத்த பதினஞ்சு மாதிரி இதையும் தொறந்து விட்ரு. ஒரு மணி நேர வேலை." சட்டைப் பையிலிருந்து புது பிளேடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். டிரேசிங் தாளில் காய்ந்த மையைச் சுரண்ட எல்லோரும் பிளேடுதான் வைத்திருப்பார்கள். "டீ குடிச்சிட்டு வரேன்."

கூட்டம் அவர் பின்னாலேயே போயிற்று. வெனிங் பிளேடின் உறையைப் பிரித்தாள். சதுரத்தின் ஓரத்தில் வைத்து லேசாக இழுத்தாள். கறுப்பு பொடியாக உதிர்ந்தது. எவ்வளவு சுலபம்! உள்ளே நாலு இதழை வரைந்துவிட்டால், கண்காட்சி நாளில் அந்தத் தடுப்பின் பக்கத்தில் அவள் நிற்பாள். பெயர் எழுதிய அட்டை இருக்கும். அதில் 'ம்' இருக்காது. யாராவது வந்து, இது உன்னோடதா என்பார்கள். பிறகு சேர்ந்து சாப்பிடப் போவார்கள். விடுதி அறையில் சுவரைப் பார்த்துச் சோறு தின்னும் சாயங்காலங்களில் ஒன்றாவது குறையும். அவள் அதை எவ்வளவு விரும்பினாள் என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

உதிர்ந்த பொடியை ஊதினாள். சுரண்டிய ஓரம் வெளுத்திருந்தது. பதினாறும் திறந்திருக்கும் சுவரை மனதில் நிறுத்திப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே தலையணையை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை.

யாயத் சாரும் மற்றவர்களும் திரும்பி வந்தபோது அவள் சுரண்டிய ஓரத்தை மறுபடி மையால் மூடிவிட்டு, டிசைன் திரும்ப வரும் நாலாவது பகுதியை முடித்துக்கொண்டிருந்தாள். கீழ் வரிசை, ஐந்தாவது கல். மைப் பேனாவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, மூலை மூலையாகக் கறுப்பை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வெனிங்?"

"இது இப்படியே இருக்கட்டும் சார்."

"அப்போ அஸ்ரியோடதுதான் ஹாலுக்குப் போகும். யோசிச்சுதான் சொல்றியா?"

"ஆமா சார்."

ஏன் என்று அவர் கேட்பதற்காகக் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை, பிளேடை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே அஸ்ரி சந்தோஷத்தில் கூவுவது கேட்டது. மை இன்னும் காயவில்லை. யாருடைய கையும் சட்டையும் பட்டுவிடாமல், வெனிங் தன் உள்ளங்கையை அந்தச் சதுரத்தின் மேல் ஒட்டாமல் கவிழ்த்து அப்படியே வைத்திருந்தாள்.