பதினான்கு கட்டுக் கம்பளி

ப்ரான்வினுக்கு வந்தது ஒருநாள் கோபமில்லை, ஏழு குளிர்காலக் கோபம். ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகையை வீடாக்கிக் குடிவந்த அன்றே தரையை மூடச் சொன்னாள். புழுக்கை கீழே விழுவதற்காகச் மரச்சட்டத்துக்குச் சட்டம் விரல் இடைவெளி விட்டுப் போட்ட தரை அது. நிம்மிடபெல் ஊர்ப் பக்கம் ஜூலைதான் கடுங்குளிர் மாதம்; அந்தக் காற்று ஒவ்வொரு இடைவெளியிலும் புகுந்து மேலே வந்தது. அவள் கணவன் க்ளென்னுக்கோ அதுதான் வீட்டின் அழகு. அழகாம் அழகு! வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து காட்டுவான்.

போன மாதம் ஐந்து வயது மகள் மேவ் மூச்சுத் திணறி, கூமா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாள். "இதே குளிர்ல மறுபடி படுக்க வச்சீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொன்னாள். ப்ரான்வின், பள்ளிப் பேருந்து ஓட்டிச் சேர்த்த காசில், குளிர் ஏறாமல் தரைக்கடியில் அடைக்கப் பதினான்கு கட்டுக் கம்பளிப் பாளம் வரவழைத்தாள்.

"ஆளு எதுக்கு? ரெண்டு சனிக்கிழமை வேலை. நானே போட்டுர்றேன்" என்றான் க்ளென்.

மூன்றாவது சனிக்கிழமையும் வீடு ஐஸ் பெட்டியாகவே இருந்தது. மேவ் மறுபடி இருமத் தொடங்கினாள். கட்டுகளைத் தேடிக்கொண்டு ப்ரான்வின் அவனுடைய பட்டறைக்குள் போனாள். உள்ளே கதகதவென்று இருந்தது. க்ளென்னும் கூட்டாளி டேரிலும் சட்டைக்கையை மடித்துவிட்டு, பீரும் கையுமாக ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு பலகை மட்டும் இன்னும் அடிக்காமல் கிடந்தது. அந்தச் சந்தில் அவளுடைய கம்பளி தெரிந்தது.

"என்னடா இது?"

"சும்மா ஒத்திகை பாத்தேன் கண்ணு. எப்படி உக்காருதுன்னு. வீட்டுக்கு அடுத்த மாசம்..."

"ஒத்திகையா? பிள்ளை அங்க நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு இருமுறா, உனக்கு இங்க வேர்க்குதா?"

"ஆளுங்க முன்னாடி கத்தாத."

"கத்துவேன். ஊருக்கே கேக்கட்டும்!"

மேசைமேல் கிடந்த, ஆணி பிடுங்கும் சின்னக் கடப்பாரையை எடுத்துப் பலகையை நெம்பினாள். டேரில் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"தள்ளும்மா, ஆணி குத்திரும்" என்று தானும் இழுக்க ஆரம்பித்தான்.

"டேய், நீயுமா?" என்றான் க்ளென்.

"என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா என் தோலையும் சேத்து உரிப்பா. எந்திரிடா."

அன்று பிற்பகலே, எத்தனையோ வருஷத்துப் புழுக்கை மேட்டில் மல்லாந்து கிடந்து, க்ளென் பட்டறைச் சுவரிலிருந்து பிடுங்கிய பாளங்களைத் தரைக்கடியில் ஸ்டேப்ளர் அடித்துப் பொருத்திக்கொண்டிருந்தான். ப்ரான்வின் மேலே, மகளின் கட்டிலருகே நின்றாள். அவன் பாதியில் விட்டுவிட்டு நழுவிவிடுகிறானா என்று பார்க்கத்தான் நின்றாள்.

"ஐயோ, காது அறுந்து போகுது" என்றது கீழிருந்து குரல். "இவ்வளவு காத்தா அடிக்குது இங்க?"

அவள் மண்டியிட்டு, சட்ட இடுக்கில் வாயை வைத்தாள்.

"அந்தக் காத்து நேரா எங்க வருது தெரியுமா? உன் பொண்ணு முதுகுக்கு."

கீழே ஸ்டேப்ளர் நாலைந்து தரம் அடித்து நின்றது. சற்றுக் கழித்து, "ப்ரான், விரலெல்லாம் மரத்துப்போச்சு. கொஞ்சம் வெளிய வந்து சூடு காஞ்சுட்டு வரேனே" என்றான்.

கட்டிலில் மேவ் இருமினாள். ஒரு முறை, அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை.

கீழே ஸ்டேப்ளர் சத்தம் மறுபடி தொடங்கியது.