மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும்

நகுல் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நாலு வரியைப் படித்ததும் ஜெனிஃபரின் உதட்டோரம் வழக்கமான அந்த இளப்பச் சிரிப்பு வந்தது. மும்பை செம்பூரில் ஒரு கட்டடத்தின் கண்ணாடி துடைக்க ஏறிய கம்பெனித் தொழிலாளி வெயிலுமுத்து மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து, இடுப்பும் வலது தொடையும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். லேபர் ஆபீஸ் விளக்கம் கேட்டிருந்தது. முதலாளி நகுல் பதிலைத் தன் சொந்த இங்கிலீஷில் எழுதி, "தோடா டீக் கர்கே, கொஞ்சம் திருத்தி லெட்டர்ஹெட்ல போடு ஜெனி" என்று கீழே சேர்த்திருந்தான். 'ஒர்க்கர் டினைட் பெல்ட்' என்பது அதில் மூன்றாவது வரி.

நகுலின் அப்பா சுயம்பு தாராவியில் சாக்கடை அள்ள ஆள் பிடித்துக் கொடுத்தவர். தமிழில் கையெழுத்துப் போடுவார், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவார். மகனுக்கு அந்த யோக்கியதை கிடையாது. சயானில் ஏசி போட்ட ஆபீஸ், கண்ணாடி மேஜை, பெயருக்குப் பின்னால் விலைக்கு வாங்கிய ஒரு எம்பிஏ. ஆனால் இழப்பதற்கு ஒரு 'ஓ' போட்ட 'லூஸ்', தளர்வுக்கு இரண்டு 'ஓ' போட்ட 'லூஸ்' என்று தெரியாமல், வாடிக்கையாளர் ஒருவருக்கு 'உங்களைத் தளர்த்திவிட மாட்டோம்' என்ற அர்த்தம் வருகிற மாதிரி எழுதி அனுப்பியவன். அட்வைஸ் என்ற சொல் பெயராக வந்தால் ஒரு எழுத்து, வினையாக வந்தால் வேறு எழுத்து என்று ஆறு வருஷத்தில் அறுபது தடவை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவன்போல் தலையாட்டுவான். அவனிடம் சம்பளம் வாங்குவதை அவள் கௌரவக் குறைச்சலாகவே நினைத்தாள்.

அவளுடைய இளப்பம் நகுலோடு நிற்கவில்லை. அவள் குடியிருந்த மாட்டுங்கா லேபர் கேம்ப் முழுக்க அதற்கு ஆள் இருந்தது. 'கசின் பிரதர்' என்று ஒரு சொல்லே கிடையாது என்று திருத்தித் திருத்தி, புருஷன் பிரைட்டன் இப்போது அவளிடம் இங்கிலீஷில் வாயே திறப்பதில்லை. அதையும் அவள் தன் வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

டினைட் பெல்ட்! ஒரு குற்றச்சாட்டை டினை பண்ணலாம், நீட்டின பொருளை ரெஃப்யூஸ்தான் பண்ண முடியும். ஐந்தாம் கிளாஸ் பிள்ளை சொல்லும். 'தொழிலாளி பாதுகாப்பு பெல்ட்டை அணிய ரெஃப்யூஸ் செய்தார்' என்று மாற்றினாள். வாக்கியம் மொட்டையாக நின்றதுபோல் இருந்தது. 'தனக்கு வழங்கப்பட்ட' என்பதை பெல்ட்டுக்கு முன்னால் சேர்த்தாள். இப்போது காதுக்கு நன்றாக இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஜெனிஃபர் கோயில் ஆராதனை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, வெயிலுமுத்துவின் பெண்டாட்டி முருகம்மாள் வாசலில் நின்றாள். இரண்டு சந்து தள்ளி வீடு. கையில் லேபர் ஆபீசில் கொடுத்த நகல்.

"ஏ ஜெனி, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு. கம்பேனில என்ன எழுதியிருக்கான்னு பாரு."

ஜெனிஃபர் தன்னுடைய வாக்கியத்தைத் தானே பார்த்தாள். ஒரு காற்புள்ளிகூடத் தவறாக இல்லை.

"அண்ணனுக்கு பெல்ட் குடுத்தாங்களாம். அண்ணன் மாட்டமாட்டேன்னு மறுத்துட்டாங்களாம்."

"அவிய பெல்ட் கேட்டாவல்லா. நாலு பேருக்கு ரெண்டு பெல்ட்டுதான் இருந்துச்சு. அந்த சூப்பர்வைசர் இசக்கிப்பாண்டி, வேணும்னா ஏறு, இல்லேன்னா வீட்டுக்குப் போன்னுருக்கான். கேட்ட மனுசன் வேண்டாம்னு சொல்லுவாவளா? எந்தச் சண்டாளன் இத எழுதுனது?"

ஜெனிஃபர் போனை எடுத்து நகுலின் பழைய செய்தியைத் தேடினாள். 'ஒர்க்கர் டினைட் பெல்ட்'. பேப்பரில் தலைப்பாக வந்திருந்தால் அந்த மூன்று சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: தொழிலாளிக்கு பெல்ட் மறுக்கப்பட்டது. அந்த முட்டாள் பொய் சொல்ல உட்கார்ந்து, மொழி தெரியாத காரணத்தால் உண்மையை எழுதியிருந்தான். யாராவது ஒரு அதிகாரி அந்த வரியில் தடுக்கி நின்று, கொடுத்தீர்களா இல்லையா என்று கேட்டிருப்பான். அவள் தடுக்கலே இல்லாமல் துடைத்துக் கொடுத்திருந்தாள். பெல்ட் போதாது என்பது தெரியாதா அவளுக்கு? ஏப்ரலில் இன்னும் நாலு பெல்ட் வேண்டும் என்ற கோரிக்கையை டைப் அடித்ததே அவள்தான். நகுல் அதைக் குறுக்கே கோடிட்டுத் திருப்பியிருந்தான்.

"நான்தான் எழுதுனேன்க்கா," என்றாள்.

முருகம்மாள் அவளை இளப்பமாக ஏற இறங்கப் பார்த்தாள். தாளை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டாள். "படிச்ச பிள்ளைன்னு ஒங்கிட்ட கொண்டாந்தேன் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு முன்னால் ஜெனிஃபரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவள்தான் மற்றவர்களைப் பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் ஒரு புதிய கடிதம் அடித்தாள். 'எங்கள் முந்தைய கடிதத்தில் பிழை உள்ளது, அதற்குப் பதிலாக இதை ஏற்கவும்' என்பது முதல் வரி. இரண்டாவது வரியில் ரெஃப்யூஸ்டுக்கு முன்னால் ஒரு 'வாஸ்'. வழங்கப்பட்ட என்பது போயிருந்தது. தொழிலாளி மறுக்கவில்லை, தொழிலாளிக்கு மறுக்கப்பட்டது. தாளை வைத்தபோது நகுல் போனில் கார் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏ, இது போன வாட்டி அனுப்பின லெட்டர்தான?"

"அதேதான் சார். கிராமர் மிஸ்டேக் இருந்துச்சு. ஒரு வாஸ் விட்டுப்போச்சு."

"அரே, ஒரு வாஸுக்கா இவ்ளோ?" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். கம்பெனி முத்திரையையும் அவனே குத்தினான். "யூ ஆர் டூ மச் பெர்ஃபெக்ட், ஜெனி."

அதையும் திருத்தலாம். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்த வேலை இன்னும் எத்தனை நாளைக்கு என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

லேபர் ஆபீஸ் வாசலில் முருகம்மாள் எக்ஸ்ரே கவரோடு நின்றிருந்தாள். ஜெனிஃபர் போன் பண்ணி வரச்சொல்லியிருந்தாள். வராமல் போய்விடுவாளோ என்று பயந்துமிருந்தாள்.

"பெல்ட் கேட்டும் குடுக்கலன்னு இதுல இருக்குக்கா. நகுல் சாரே கையெழுத்துப் போட்டிருக்காரு. உள்ள குடுத்து சீல் வாங்கிருவோம்."

முருகம்மாள் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள்.

"அக்கா, அதான் நான் சொன்னேன்ல..."

"நீ சொன்ன. இன்னொரு ஆளும் சொல்லட்டும்."

கடைக்காரன் ஷாகிர் மெஷினை நிறுத்திவிட்டுத் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினான். "பூரா படிக்கணுமா மௌசி?" என்றான் இந்தியில். முருகம்மாள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவன் வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, பாதிச் சொற்களைக் கடித்துத் துப்பிக்கொண்டு மெதுவாக வாசித்து, இந்தியில் அர்த்தம் சொல்லத் தொடங்கினான். ஜெனிஃபர் கடைக்கு வெளியே வெயிலில் நின்றாள். தொண்டைவரை வந்த சரியான உச்சரிப்புகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியில் அவன் விரல் 'வாஸ்' மேல் போய் நின்றது. முருகம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.