கொழுந்தன் தூங்கின தூக்கம்

"இன்னைக்கு நீயே மாட்டிக்கோண்ணே. என்னால முடியல. நேத்து கடையில ஒருத்தர் காதையே வெட்டப் பார்த்தேன்."

"நாலு மணி நேரம்தானடா. மூக்குல மாட்டிக்கிட்டுப் படுத்துக் கிடக்க உனக்கு வலிக்குதா?"

இரவு வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே அவள் கணவனும், முடிவெட்டும் கடை வைத்திருக்கும் கொழுந்தனும்.

கணவன் பஸ் டிரைவர். பத்து வருஷமாகச் சர்க்கரை. போதாததற்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போவான், பாதம் எரிகிறதென்று புரளுவான், பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தலை தொங்கும். நாலு மாதம் முன்பு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்து, பஸ்ஸைச் சாலை நடுச்சுவரில் உரசினான். வண்டியில் நாற்பது பேர். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

டெப்போ டாக்டர் ஒரு காற்று மெஷின் கொடுத்தார். முகமூடி மாட்டித் தூங்க வேண்டும், எத்தனை மணி நேரம் என்று மெஷினே குறித்துக்கொள்ளும். தினமும் நாலு மணி நேரம், மூன்று மாதம் காட்டினால்தான் மறுபடி வண்டி. தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் தூக்கம் கெடும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

மெஷின் கணக்கு பிரமாதமாக வந்தது. மணிக்கு நாற்பது தடவை நின்ற மூச்சு இரண்டுக்கு இறங்கிவிட்டதாம். சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. ஏன் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

உள்ளே போய் முகமூடியை எடுத்தாள். ஓரமெல்லாம் பிசுக்கு, காய்ந்த எச்சில். காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தண்ணீர்க் குப்பியில் பச்சையாக வழவழப்பு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் தினமும் ரத்தமும் மலமும் பட்ட துணி பிரிக்கிறவளுக்கே குமட்டியது.

"மாட்டினா மூச்சு முட்டுதுடி" என்றான் கணவன், பல் தேய்த்துக்கொண்டே. "இருபது வருஷ சர்வீஸ். தூக்கம் வந்தா நானே முழிச்சுக்குவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தப் பச்சை வழவழப்பே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"மூச்சு முட்டுதுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாரு."

அவள் மெஷினைப் பையில் போட்டாள். கொழுந்தன் குறுக்கே வந்தான். "அண்ணி, நாளையோட மூணு மாசம் முடியுது. அண்ணனுக்கு வண்டி கிடைச்சிரும்."

"அதுக்குத்தான் இன்னைக்கே போறேன்."

டாக்டர் மேஜையில் மெஷினை வைத்து, "இது என் கொழுந்தன் தூங்கின தூக்கம் சார்" என்றாள். அவர் பழைய கணக்கையெல்லாம் அழித்தார். மூச்சு முட்டாத சின்ன முகமூடி இருக்கிறது, உன் புருஷன் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன் என்று கடிந்துகொண்டார். மூன்று மாதம் முதலிலிருந்து. அதுவரை அவனுக்குப் பார்சல் ஆபீஸில் வேலை.

பத்து நாளாகக் கணவன் அவளோடு பேசுவதில்லை. சின்ன முகமூடியையும் ஒரு மணி நேரத்தில் கழற்றி எறிகிறான். வாயைப் பிளந்து நாற்காலியில் தூங்குகிறவனைப் பார்த்தால் அவளுக்கு இன்னமும் குமட்டுகிறது. ஆனாலும் குப்பியைத் தினமும் அவள்தான் கழுவுகிறாள்.

அவள் செய்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மெஷின் இருக்கிற வீட்டுக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்த ஒரு மணி நேரத்தை நாலு மணி நேரமாக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? கீழே எழுதுங்கள். அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.