காலி வண்டியின் உயரம்

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். இருபது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். கண் பார்வை மங்கிப்போனதால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா? அதே கம்பெனி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்த நான், வீம்புக்கு ஓட்டக் கற்று, கனரக லைசென்ஸ் எடுத்து, அவர் ஓட்டிய வண்டியிலேயே ஏறினேன். அன்று பிடித்தது எனக்குச் சனி.

காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"மேப்பை நம்பாதே. அது கார்க்காரனுக்காகப் போட்டது. உன் உயரம், உன் எடை எதுவும் அதுக்குத் தெரியாது."

"சரிங்க."

"நிழல் பார்த்து நிறுத்தாதே. கிளை பார்த்து நிறுத்து. நிறுத்தும்போதே எப்படி வெளிய எடுப்போம்னு யோசி. மூக்கு ரோட்டைப் பார்த்து இருக்கணும்."

"சரிங்க."

"சரிங்க சரிங்கன்னா எப்படி? திருப்பிச் சொல்லு பார்ப்போம்."

எனக்கு முன்கோபம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அது இரண்டு மடங்கு இருந்தது, ஏனென்றால் அன்றுதான் நான் தனியாகப் போகும் முதல் நாள். முதலாளியம்மா முந்தின சாயங்காலமே சொல்லிவிட்டாள்: "வண்டி மேல ஒரு கீறல் விழுந்தாலும் சாவியை மேசையில வெச்சுட்டு, பழையபடி பில் போடப் போயிடு. நான் கத்தமாட்டேன், நீயும் அழக்கூடாது." அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். ஒன்பது வருஷம் உட்கார்ந்து முதுகு வளைந்ததுதான் மிச்சம். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வருகிறது.

மூடிய பெட்டி வண்டி. உள்ளே தரைக்குப் போடும் டைல்ஸ், வாய்வரை பாரம். நான் போன வழியில் ஒரு ரயில் பாலம் உண்டு. அதன் அடியில்தான் ரோடு போகிறது. பாலத்துக்கு முன்னால் இறங்கிப் பார்த்தேன். பெட்டியின் கூரைக்கும் பாலத்தின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. எறும்பு மாதிரி ஊர்ந்து அந்தப் பக்கம் வந்ததும், என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

டைல்ஸை இறக்கி முடித்ததும் போன் வந்தது.

"பாரம் இறக்கிட்டியா? வரும்போது சுத்து வழியா வா. பாலத்துப் பக்கம் வேண்டாம்."

"காலைல அந்த வழியாதானே போனேன்? சுத்து வழின்னா ஒரு மணி நேரம் கூட ஆகும்."

"சொல்றதைக் கேளு. ஏன்னா..."

"நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று போனை வைத்துவிட்டேன்.

போன வழியிலேயே திரும்பினேன். பாலம் வந்தது. அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மீறுவதில்லை: எத்தனை முறை போன பாலமாக இருந்தாலும் இறங்கிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் 'இறங்கிப் பார்த்தியா' என்று கட்டாயம் கேட்பார். நான் பொய் சொன்னால் அந்த மனுஷன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்த வம்பு வேண்டாம் என்றுதான் பாலத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். திட்டிக்கொண்டே இறங்கி அண்ணாந்து பார்த்தேன்.

காலையில் இருந்த இடைவெளியைக் காணோம். பெட்டியின் கூரை, சட்டத்தைவிட ஒரு விரல் உயரமாக நின்றது.

பாலமா இறங்கும்? வண்டிதான் ஏறியிருந்தது. காலையில் டைல்ஸ் பாரத்தில் சக்கரத்து மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி வண்டி பணிந்து போயிருந்தது. இப்போது காலி, பாரம் போனதும் நிமிர்ந்துகொண்டது. அவர் 'ஏன்னா' என்று இழுத்தது இதற்குத்தான்.

சரி, பின்னால் எடுக்கலாம் என்று திரும்பினால், என் வண்டியின் வாலை முகர்ந்துகொண்டு ஒரு பஸ். அதன் பின்னால் கார்கள், வேன்கள், கண்ணுக்கு எட்டிய மட்டும் வரிசை. இரண்டு பக்கமும் சுவர். பஸ் டிரைவர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

எனக்கு அழுகை வந்தது. சாவி மேசைக்குப் போகிறதும், நான் பில் போடுகிறதும் கண் முன்னால் தெரிந்தது. வெட்கத்தைவிட்டு அவருக்கே போன் போட்டேன்.

"தப்புப் பண்ணிட்டேங்க" என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"இடிச்சியா?"

"இல்ல. முன்னாடியே நிறுத்திட்டேன்."

"அப்போ ஒண்ணும் ஆகல. எவ்வளவு இடிக்கும்?"

"ஒரு விரல்."

"காலைல எப்படிப் போச்சு? பாரத்துல அமுங்கிப் போச்சு. திரும்ப பாரம் ஏத்து."

"நடு ரோட்டுல பாரத்துக்கு எங்கங்க போவேன்?"

"பின்னால என்னடி அந்தச் சத்தம்?"

"பஸ்ஸு. ஹாரன் அடிச்சே கொல்றான்."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "நிறைய பேர் இருக்காங்களா?"

புரிந்துபோனது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பஸ்ஸிடம் போனேன். டிரைவர் தலையை நீட்டினார். "ஏம்மா, பாலத்துக்குப் பொட்டு வைக்கிறியா? எவ்வளவு நேரம்?"

"அண்ணே, உங்க ஆளுங்களைக் கொஞ்சம் கடன் குடுங்க" என்று விஷயத்தைச் சொன்னேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இறங்கிவந்து பாலத்தை அண்ணாந்து பார்த்தார். அவரும் பெரிய வண்டிக்காரர்தானே, ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. "எல்லாரும் இறங்குங்கப்பா. வீட்டுக்குப் போகணும்னா லாரியில ஏறணும்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். பருமனான ஒரு அம்மா மட்டும் தயங்கி நின்றாள். "நான் ஏறினா உன் வண்டி தரையைத் தொட்டுடும்மா."

"அதுக்குத்தான்மா கூப்பிடறேன். நீங்க முதல்ல ஏறுங்க" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏறுவதற்குப் போட்டியே வந்தது. பின்கதவுகளைத் திறந்து பக்கவாட்டில் மாட்டினேன். எல்லாரையும் பெட்டிக்குள் நெருக்கி உட்காரவைத்தேன். இடம் போதவில்லை என்று யாரோ ஒருவர் இன்னொருவர் மடியில் உட்கார்ந்ததாகப் பிறகு கேள்வி.

பஸ் டிரைவர் பாலத்தின் பக்கத்தில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வா... வா... இன்னும் வா" என்று கையாட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சிலிருந்து காலை மயிரிழை மயிரிழையாக எடுத்தேன். உரசும் சத்தம் இதோ வரும், இதோ வரும் என்று காது அடைத்துப் போயிருந்தது. வரவில்லை. பக்கக் கண்ணாடியில் பாலம் வண்டிக்குப் பின்னால் தெரிந்தபோதுதான் தாண்டிவிட்டது புரிந்தது. உள்ளே கைதட்டினார்கள். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன். நல்ல அழுகைதான்.

"எவ்வளவு இடம் இருந்துச்சுண்ணே?" என்று எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு கேட்டேன்.

"கேட்காதே. ராத்திரி தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸை எடுக்கப் போனார்.

ஷெட்டில் முதலாளியம்மா ஏணி போட்டுக் கூரைமேலேயே ஏறிப் பார்த்தாள். இறங்கிவந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சோப்பு லோடு. நீயே எடு" என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலத்தில் நடந்ததையும் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உன் வீட்டுக்காரர் பேச்சை இனிமே முழுசாக் கேளு" என்றாள்.

வீட்டில் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டையை மாற்றிப் போட்டிருந்தார், தையல் வெளியே தெரிந்தது. மத்தியானத்துக்கு நான் போட்டுவைத்த சோறு தொடாமல் இருந்தது.

"ஏன் சாப்பிடல?"

"பாலம் தாண்டிட்டேன்னு நீ போன் பண்ணவே இல்லியே."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அடியோடு மறந்துபோயிருந்தது. பாலத்தடியில் நின்றபோது நான் பட்ட பாட்டை, இந்த மனுஷன் சாயங்காலம் வரை பட்டிருக்கிறார்.

தட்டை வைத்தேன். பிசைந்தவர் வாயில் வைக்கவில்லை. "இருபது வருஷம் நான் ரோட்டுல இருந்தேன். எங்கே இருக்கேன்னு ஒரு போன் பண்ணினதில்ல. நீ இங்கதானே உட்கார்ந்திருந்தே. எப்படித் தாங்கினே?"

"பழகிடும். சாப்பிடுங்க" என்றேன்.

பழகாது. அது எனக்குத் தெரியும். முதல் நாளே அதைச் சொல்லி மனுஷனைப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.