நல்வழி மையத்து ஒயிலாட்டம்

ஓடைப்பட்டியில் சுருளிராஜன் தோட்டத்துத் திராட்சையை யாரோ நாலு குலை அறுத்துவிட்டார்கள். ஊர்ப் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று அன்றைக்கே அவருக்கு ஞானம் பிறந்து, ‘நல்வழி மையம்’ ஆரம்பித்துவிட்டார். மாலையில் டியூஷன், பிறகு ஒயிலாட்டம். படிப்பும் பண்பாடும் சேர்ந்தால் பையன் திராட்சைப் பக்கமே திரும்ப மாட்டானாம். டியூஷனுக்கு அனுமந்தன்பட்டியிலிருந்து என்னை வரவழைத்தார்கள். இந்த ரோஸ்லின் டீச்சருக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும்.

பண்பாடு அமோகமாக வளர்ந்தது. எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் பையன்கள் ஆட வேண்டும். சுருளிராஜன் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார், அவர் திருப்பி இவருக்குப் போர்த்துவார். போர்த்தி முடித்து மிஞ்சிய நேரத்தில் நான் கணக்கு நடத்தினேன்.

ஆட்டத்தில் முன்னால் நிற்பவன் வேல்பாண்டி. பத்தாம் வகுப்பு. தேறினால் பாலிடெக்னிக்; தவறினால் அம்மாவோடு ஜீப்பில் ஏறி, கேரள மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போக வேண்டியதுதான். கணக்கு ஒன்றுதான் அவனுக்கு உதைத்தது. கணக்குப் பரீட்சை நடக்கும் அதே காலையில்தான் நன்கொடை தரும் பெரியவரும் வரப்போவதாகத் தகவல் வந்தது.

“துணைத்தேர்வுதான் இருக்குல்ல டீச்சர்? அவுக வருசத்துக்கு ஒருக்கத்தான் வாராக” என்றார் சுருளிராஜன்.

“பரீட்சை எழுத வைக்கத்தானேய்யா மையம்?”

“அது சரித்தான். ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அந்த ஒழுக்கம் எனக்கு வாய்க்கவில்லை. பரீட்சை அன்று காலையில் வேல்பாண்டியை ஸ்கூட்டரில் ஏற்றிப் பரீட்சைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வாசலிலேயே காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

“மையத்துப் பய ஒருத்தன் ஓடிட்டான்னு மையத்துத் தலைவர் சுருளிராஜன் போன் போட்டாக. கெட்ட சகவாசமாம்.”

“அந்தச் சகவாசம் நான்தான் சார். அவன் உள்ள கணக்கு எழுதுறான்.”

அவர் தலையைச் சொறிந்தார். “பயலைப் பார்த்துட்டேன்னாச்சும் சொல்லணும்ல” என்று புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

மணி அடித்தது. வெளியே வந்த வேல்பாண்டி காக்கிச் சட்டையைக் கண்டதும் நின்றான். இவன் இப்போது ஓடினால் சுருளிராஜன் சொன்னது அப்படியே நிஜமாகிவிடும்.

அவன் ஓடவில்லை. நேரே என்னிடம் வந்தான்.

“கடைசிக் கணக்கையும் போட்டுட்டேன் டீச்சர்” என்றான். அழுகை வந்துவிட்டது எனக்கு.

பிறகு போலீஸ்காரரிடம் திரும்பி, மரியாதையாகக் கேட்டான்.

“இப்ப எங்கன வரணும் சார், ஸ்டேசனுக்கா, ஆடுறதுக்கா?”